எந்தக் குழு ஒசத்தி?

எங்கள் குடும்பத்தில் ஒரு சண்டை நாற்பது வருஷத்துக்கு மேலாக நடந்து கொண்டிருக்கிறது. சொத்துத் தகராறோ என்று பயந்து விடாதீர்கள், சகோதரிகளே! உலகத்திலேயே தலைசிறந்த ராக் இசைக்குழு எது என்பதுதான் வழக்கு. வாதி நான், பிரதிவாதி என் அண்ணா. நான் பீட்டில்ஸ் கட்சி. அவர் லெட் ஸெப்பலின் கட்சி. கல்லூரி நாட்களில் டேப் ரிகார்டர் முன்னால் உட்கார்ந்து ஆரம்பித்தது, இரண்டு பேரும் பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஓய்ந்தபாடில்லை.

"அந்த நாலு பசங்க பாடினதெல்லாம் ஒரு பாட்டாடி?" என்பார் அவர்.

"உங்க ஆள் தொண்டை கிழியக் கத்தறதுக்குப் பேர் சங்கீதமாக்கும்!" என்பேன் நான்.

போன மாதம் டெலிபோனில் இதே பாட்டைப் பாடிக் கொண்டிருந்தோம். நடுவில் அண்ணா, "என்ன சொன்னே?" என்றார். திரும்பச் சொன்னேன். "என்னது?" என்றார். மூன்றாம் தடவை சொல்வதற்குள் அண்ணி போனை வாங்கி விட்டாள்.

"உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அவருக்கு இப்பல்லாம் காது சரியாக் கேக்கறதில்லை. ராத்திரியானா காதுக்குள்ளே வண்டு ரீங்காரம் பண்ற மாதிரி இருக்காம். டாக்டர்கிட்டே வாங்கன்னா வர மாட்டேங்கறார்" என்றாள்.

எனக்கு அன்று சமையலே ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை முழுசாகத் திருகி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த அண்ணாதான் கண்முன் வந்து நின்றார். சண்டையை ஒரு பக்கம் வைத்து விட்டு, இந்தத் தடவை நிதானமாக யோசித்தேன். எந்தக் குழு ஒசத்தி? எதை வைத்து ஒசத்தி என்கிறோம்?

முதல் சிக்கல் அளவுகோல்தான். படியில் அளந்தால் ஒரு கணக்கு, தராசில் நிறுத்தால் ஒரு கணக்கு என்பார்களே, அந்த மாதிரி. ஒரே சமயத்தில் ஊரையே ஆட்டி வைத்ததுதான் பெருமை என்றால் பீட்டில்ஸை அசைக்க முடியாது. 1964 ஏப்ரல் 4 அன்று வெளியான அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதல் ஐந்து இடமும் அவர்களுடைய பாட்டுத்தான். அமெரிக்காவில் அதிகம் விற்ற ஒரே ஆல்பம் என்று பார்த்தால், ஈகிள்ஸ் குழுவின் 1971-75 தொகுப்பு முன்னால் வந்து விடுகிறது. ஒரே ஆல்பம் எத்தனை நாள் நின்றது என்று கேட்டால் பிங்க் ஃப்ளாய்டு. அவர்களுடைய 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973-க்கும் 1988-க்கும் இடையில் 741 வாரங்கள் பில்போர்டு பட்டியலில் இருந்தது. குழு எத்தனை வருஷம் நிலைத்தது என்றால் ரோலிங் ஸ்டோன்ஸ். 1962-இல் தொடங்கியவர்கள், 2023-இல் புது ஆல்பம் போட்டார்கள். மேடையில் யார் ராஜா என்றால், 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளியில் நடந்த லைவ் எய்டு கச்சேரியில் இருபது நிமிஷத்தில் கூட்டத்தையே கட்டிப் போட்ட குவீன்!

ஆக, சண்டை போடுகிறவர்கள் அவரவர் குழு ஜெயிக்கிற அளவுகோலாகப் பார்த்துக் கையில் எடுக்கிறார்கள். நானும் அதைத்தானே செய்து கொண்டிருந்தேன்?

இதை யோசிக்கையில், பாட்டை விட்டுவிட்டு அந்தப் பிள்ளைகளின் கதை பக்கம் மனசு போயிற்று. நமக்கென்று ஒரு பார்வை இருக்கிறதல்லவா!

பீட்டில்ஸின் டிரம் வாசிப்பவர் ரிங்கோ ஸ்டார். ஆறு வயசில் குடல்வால் வெடித்து, வயிற்றில் சீழ் பிடித்து, நாள் கணக்கில் நினைவில்லாமல் கிடந்த குழந்தை. பிழைத்தெழுந்த பிள்ளையைப் பதின்மூன்று வயசில் காசநோய் பிடித்துக் கொண்டது. சானடோரியத்தில் படுத்த படுக்கை. அங்கே பிள்ளைகளுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு வாத்தியக் கோஷ்டி வைத்திருந்தார்கள். கட்டில் பக்கத்து அலமாரியைத் தட்டித் தட்டித்தான் அந்தப் பையனுக்குத் தாளம் கைவந்தது. அதே குழுவில் பால் மெக்கார்ட்னியின் அம்மா தாதியாக வேலை பார்த்தவர். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, 1956-இல் இறந்து போனார். பிள்ளைக்கு அப்போது பதினான்கு வயசு. ஜான் லெனனின் அம்மா 1958-இல் கார் மோதி இறந்தார். தாயில்லாத இரண்டு பையன்கள் ஒன்றாக உட்கார்ந்து பாட்டெழுதினார்கள் என்று நினைத்துப் பார்த்தால், அந்தப் பாட்டுக்களே வேறு மாதிரி கேட்கின்றன.

பிளாக் சபாத் குழுவின் டோனி ஐயோமி பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலையை விடுகிற கடைசி நாள் அது. மதியம் வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் உட்கார்ந்தாராம். ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காக முடித்து விட்டு வா என்று அம்மா அனுப்பி வைத்தார். அன்று இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அந்தத் தாய் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! பையன் விடவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி மாதிரி செய்து மாட்டிக்கொண்டார். விரல் நோகாமல் இருக்கக் கிடார் தந்திகளைத் தளர்த்திக் கட்டினார். ஹெவி மெட்டல் என்று சொல்கிறார்களே, அதன் கனத்த, தாழ்ந்த நாதத்துக்கு அந்தத் தளர்ந்த தந்தி ஒரு முக்கியக் காரணம்.

இப்படிப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு புது அளவுகோல் கிடைத்தது. குழு என்பது கூட்டுக்குடும்பம் மாதிரிதானே? நாலு பேரில் ஒருவர் நொடித்துப் போனால் மற்ற மூன்று பேர் என்ன செய்தார்கள்?

இதில் பெரிய பெரிய பெயர்களெல்லாம் தலை குனிய வேண்டியிருக்கிறது. பிங்க் ஃப்ளாய்டைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் சிட் பாரெட். போதை மருந்து, மனநிலைக் கோளாறு இரண்டும் சேர்ந்து அவரை உருக்குலைத்தன. 1968 ஜனவரியில் ஒரு நாள் கச்சேரிக்குப் போகும் வழியில், இன்றைக்கு அவரை ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள். அவ்வளவுதான். 1975 ஜூனில், அவரைப் பற்றிய பாட்டையே அவர்கள் பதிவு செய்து கொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த, உடம்பு பருத்த ஒருவர் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். யாரென்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பாரெட்தான்! பிறகு அவர் கேம்பிரிட்ஜில் அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போய், படம் வரைந்து கொண்டு, தோட்ட வேலை செய்து கொண்டு இருந்தார். 2006-இல் காலமானார். அவருக்குச் சேர வேண்டிய பணம் ஒழுங்காகப் போய்ச் சேரும்படி டேவிட் கில்மோர் பார்த்துக் கொண்டார் என்பது ஓர் ஆறுதல். கடைசியில் ஏற்றுக் கொண்டது தாய் வீடுதான்.

தி ஹூ குழுவின் கீத் மூன் 1978-இல் இறந்தார். குடியை நிறுத்துவதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையையே அளவு மீறி விழுங்கி விட்டார். அண்ணாவின் லெட் ஸெப்பலினில் டிரம் வாசித்த ஜான் பானம் 1980 செப்டம்பரில், பகல் முழுவதும் வோட்கா குடித்து விட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. இருவருக்கும் வயசு முப்பத்திரண்டுதான். குடிக்கும்போது தடுக்க ஆளில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பானம் போன பின், அவர் இடத்தில் வேறு ஆளை வைத்துக் காசு பண்ண ஸெப்பலின்காரர்கள் சம்மதிக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே குழுவைக் கலைத்து விட்டார்கள். 2007-இல் லண்டனில் ஒரே ஓர் இரவு சேர்ந்தபோது, டிரம்மின் முன் உட்கார்ந்தது பானத்தின் பிள்ளை ஜேஸன். இதை மட்டும் அண்ணாவுக்கு விட்டுக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நன்றாகப் பார்த்துக் கொண்டவர்களும் உண்டு. டெஃப் லெப்பர்டு குழுவில் டிரம் வாசித்த ரிக் ஆலனுக்கு 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கை போய்விட்டது. டிரம் வாசிப்பவனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? மற்றவர்கள் வேறு ஆள் தேடவில்லை. காலால் மிதித்து வாசிக்கும்படி புது டிரம் செய்து கொண்டு அவர் பழகி வரும்வரை காத்திருந்தார்கள். 1986-இல் மேடையேறினார். 1987-இல் வந்த 'ஹிஸ்டீரியா' அந்தக் குழுவின் மிகப் பெரிய வெற்றி.

குவீனும் அப்படித்தான். ஃப்ரெடி மெர்குரி ஸான்ஸிபாரில் பிறந்த பார்ஸிப் பிள்ளை. பள்ளிப் படிப்பு நம் பஞ்ச்கனியில். எந்தப் பாட்டை யார் எழுதினார், யாருக்குப் பணம் என்று அந்த நால்வருக்குள்ளும் பூசல் உண்டு. 1989 ஆல்பத்திலிருந்து, யார் எழுதினாலும் எல்லாப் பாட்டும் குழுவின் பெயரில்தான் என்று முடிவெடுத்தார்கள். ஃப்ரெடிக்கு எய்ட்ஸ் என்று தெரிந்த பிறகு, அவர் விருப்பப்படியே வாய் திறக்காமல் காத்தார்கள். உடம்பு இடம் கொடுத்த நாட்களில் மட்டும் ஸ்விட்சர்லாந்தில் மான்ட்ரூ ஸ்டூடியோவில் கூடி, அவர் பாடப் பாடப் பதிவு செய்தார்கள். 1991 நவம்பர் 23 அன்று அவரே நோயை அறிவித்தார். மறுநாள் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே என் தீர்ப்பு இது. சங்கீதத்துக்கு இன்றைக்கும் பீட்டில்ஸ்தான். பிரிந்த பின் நால்வரும் தனித்தனியே நல்ல பாட்டுக்கள் கொடுத்தார்கள். ஆனால் நாலு பேரும் சேர்ந்து கொடுத்ததைத் தனியாக ஒருவராலும் எட்ட முடியவில்லை. குழு என்பதற்கு அதுதானே அர்த்தம்? ஆனால் ஒருவருக்கு முடியாமல் போனபோது தோள் கொடுத்ததற்கு, குவீனும் டெஃப் லெப்பர்டும்தான் ஒசத்தி.

இப்போது காது சமாசாரம். தி ஹூ குழு 1976-இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் வாசித்த சத்தம் 126 டெசிபல். உலகிலேயே சத்தமான கச்சேரி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிற்று. அந்தக் குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்குப் பிற்பாடு காது மந்தமாகி, ஓயாத இரைச்சலும் வந்தது. மேடையைவிட ஹெட்போன்தான் தன் காதைக் கெடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஏ.ஸி./டி.ஸி. குழுவின் பிரையன் ஜான்ஸன், அடியோடு காது போய்விடும் என்று டாக்டர்கள் எச்சரித்ததால் 2016-இல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார்.

காரணம் எளிது. உட்காதில் மெல்லிய மயிரிழை போன்ற செல்கள் இருக்கின்றன. பலத்த சத்தத்தில் அவை மடிந்தால் திரும்ப முளைப்பதில்லை. 85 டெசிபல் என்றால் நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் பதினைந்து நிமிஷம்தான்! ஹெட்போன் போட்டிருக்கும் பிள்ளையை ஒரு கை தூரத்திலிருந்து சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள். காதில் விழவில்லையென்றால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கச்சேரியிலிருந்து வந்த பிறகு காதில் ரீங்காரம் இருந்தால் அது எச்சரிக்கை மணி. பெரியவர்கள் "என்ன, என்ன" என்று கேட்க ஆரம்பித்தால் கோபிக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சில சமயம் வெறும் அழுக்கு அடைப்பாகவே இருக்கும். நரம்புக் கோளாறானாலும் காதுக் கருவி வைத்தால் பேச்சு கேட்கும். பலருக்கு இரைச்சலும் அடங்குகிறது.

இதையெல்லாம் அண்ணாவிடம் சொன்னால் கேட்பாரா? அதனால் ஒரு தந்திரம் பண்ணினேன். அண்ணியிடம் சொல்லி, பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி அவர் கையில் கொடுக்கச் சொன்னேன். "லெட் ஸெப்பலின்தான் ஒசத்தின்னு ஒத்துக்கறேன். நாளைக்கு டாக்டர்கிட்டே போய்ட்டு வரணும்."

நாற்பது வருஷமாகக் கிடைக்காத வெற்றியாயிற்றே! மறுநாளே கிளம்பி விட்டார். இரண்டு காதிலும் கருவி வைத்தாயிற்று. முதல் வாரம், "தட்டு வைக்கிற சத்தம்கூட இடி மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தவர், இப்போது பேத்தி ரகசியம் பேசுவது கூடக் கேட்கிறதென்று சந்தோஷப்படுகிறாராம்.

நேற்று டெலிபோன் செய்தேன்.

"அண்ணா, நல்லாக் கேக்கறதா?"

"தெளிவாக் கேக்கறது, சொல்லு."

"அப்ப சரி. அந்தச் சீட்டை வாபஸ் வாங்கிக்கறேன். பீட்டில்ஸ்தான் ஒசத்தி!"

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் நிச்சயம் 85 டெசிபலுக்கு மேல்!