‘கதவை மூடியாச்சு!’ - லினக்ஸ் ‘ஃப்ரீஸ்’ காலத்தில் ஒரு பிழைதிருத்தம் உள்ளே நுழைவது எப்படி?

2024 மார்ச் 28-ம் தேதி உபுண்டு லினக்ஸின் பிழைப் பதிவேட்டில் ஒரு கோரிக்கை வந்து விழுந்தது. ‘எக்ஸ்-இசட்’ என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.1 பதிப்பை, ஏப்ரலில் வெளிவரவிருந்த உபுண்டு 24.04-ல் சேர்த்துவிடுங்கள் என்பதுதான் அது. பீட்டா ‘ஃப்ரீஸ்’ தொடங்குவதற்குள் சேர்த்தால் நல்லது. இதில் புது வசதி எதுவும் இல்லை, பிழைதிருத்தம் மட்டும்தான். எழுதியவர் அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களில் ஒருவர். பணிவான நடை, நியாயமான காரணம். யாருக்கும் சந்தேகம் வராது.

மறுநாளே உலகம் முழுக்க சர்வர் நிர்வாகிகளின் தூக்கம் போனது. அந்தப் பதிப்புக்குள் ஒரு ரகசியப் பின்கதவு இருந்தது. அதை வைத்தவரும் கோரிக்கை எழுதியவரும் ஒரே ஆள்தான். ‘ஜியா டான்’ என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

இந்தச் சம்பவத்தை இப்போது நினைவுபடுத்தக் காரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 9-ம் தேதி டெபியன் 13 (‘ட்ரிக்ஸி’) வெளியானது. அதற்கு முன் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் அது படிப்படியாக ‘உறைந்து’ கிடந்தது. அடுத்து உபுண்டு 25.10-ன் முறை வந்தது. இந்த மாதிரி நேரங்களில் “சின்ன ஃபிக்ஸ்தான், உள்ளே விடுங்க” என்ற கோரிக்கைகள் குவியும். எதை விடுவது, எதை மறுப்பது? யார் முடிவு செய்கிறார்கள்?

அது என்ன ‘ஃப்ரீஸ்’?

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். “பெரியப்பா பேரை இன்னும் கொஞ்சம் மேலே போடுங்க” என்று யாராவது வந்தால், இனிமேல் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால், முகூர்த்த நேரமே தப்பாக இருந்தால்? அச்சை நிறுத்தித்தான் ஆக வேண்டும். எழுத்துப்பிழை என்றால்? அங்கேதான் தகராறு.

லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன் என்பது ஒரே மென்பொருள் அல்ல. உலகின் எங்கெங்கோ எழுதப்படும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் திரட்டி, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளாமல் பொருத்தித் தரும் தொகுப்பு. டெபியன் 13-ல் மட்டும் 69,830 பேக்கேஜ்கள். இதில் ஒன்றை மாற்றினால் அதை நம்பியிருக்கும் நூறு பேக்கேஜ்கள் ஆடும். எல்லோரும் கடைசி நாள் வரை மாற்றிக்கொண்டே இருந்தால் சோதித்துப் பார்க்க நிலையான ஒரு பொருளே கையில் இருக்காது. அதனால் ஒரு தேதிக்குப் பிறகு, புதுசு எதுவும் வேண்டாம், இருப்பதைச் சரி செய்வோம் என்று நிறுத்துவதுதான் ஃப்ரீஸ்.

டெபியனில் இந்தக் கதவு ஒரே நாளில் மூடுவதில்லை. ட்ரிக்ஸிக்கு 2025 மார்ச் 15-ல் முதல் கட்டம்: பெரிய லைப்ரரி மாற்றங்களுக்கும் கம்பைலர் போன்ற அடிப்படைக் கருவிகளுக்கும் தடை. ஏப்ரல் 15-ல் ‘சாஃப்ட் ஃப்ரீஸ்’: சிறிய, குறிவைத்த திருத்தங்கள் மட்டும். மே 15-ல் ‘ஹார்ட் ஃப்ரீஸ்’. ஜூலை 27-ல் முழு உறைவு. அதன்பிறகு எந்த பேக்கேஜாக இருந்தாலும் வெளியீட்டுக் குழுவில் ஒரு மனிதர் பார்த்துச் சம்மதித்தால்தான் உள்ளே போகும்.

சாதாரண நாள்களில் இந்த வேலையை ‘பிரிட்னி’ என்ற தானியங்கி நிரல் பார்த்துக்கொள்கிறது. (ஆமாம், பெயர் அதுதான்.) பராமரிப்பாளர் புதிய பதிப்பை ‘அன்ஸ்டேபிள்’ கிளையில் ஏற்றுவார். சில நாள்கள் பெரிய பிழை எதுவும் பதிவாகாமல், தானியங்கிச் சோதனைகளிலும் தேறினால், பிரிட்னி அதை ‘டெஸ்டிங்’ கிளைக்கு நகர்த்தும். அடுத்த வெளியீடாக மாறப்போவது டெஸ்டிங்தான். ஹார்ட் ஃப்ரீஸில் அடிப்படை பேக்கேஜ்களுக்கும், தானியங்கிச் சோதனை இல்லாத பேக்கேஜ்களுக்கும் இந்த வழி அடைபடுகிறது. சோதனை உள்ள மற்றவை 20 நாள் காத்திருந்தால் தானாகப் போகலாம்.

‘அன்பிளாக்’ மனு

வழி அடைபட்ட பேக்கேஜின் பராமரிப்பாளர் என்ன செய்வார்? வெளியீட்டுக் குழுவுக்கு ‘அன்பிளாக்’ கோரிக்கை போடுவார். என்ன பிழை, யாருக்குப் பாதிப்பு, எப்படிச் சோதித்தீர்கள், இதனால் வேறு என்ன உடையலாம் என்று எழுத வேண்டும். கூடவே, பழைய பேக்கேஜுக்கும் புதியதற்கும் இடையே எந்தெந்த வரிகள் மாறின என்று காட்டும் ‘டெப்டிஃப்’ கோப்பையும் இணைக்க வேண்டும்.

உயிர்நாடி அந்தக் கோப்புதான். பத்து வரி மாற்றம் என்றால் ஒருவர் உட்கார்ந்து படித்துவிடலாம். பத்தாயிரம் வரி என்றால் யார் படிப்பது? குழுவில் இருப்பவர்களும் தன்னார்வலர்கள்தான். அதனால் பிழையைத் திருத்துகிற கையோடு ஒரு பழைய ஃபைலையும் அழகுபடுத்தினேன், இரண்டு எச்சரிக்கைகளையும் நீக்கினேன் என்று வந்தால், பெரும்பாலும் அதைப் பிரித்து எடுத்துவிட்டு வாருங்கள் என்ற பதில்தான் கிடைக்கும். கறாராகத் தெரியலாம். ஆனால் படிக்க முடியாத மாற்றத்துக்கு ஒப்புதல் தருவது, படிக்காமலே கையெழுத்துப் போடுவதுதானே.

சிக்கல் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. மென்பொருளை எழுதும் மூல ஆசிரியர்கள் பிழைதிருத்தத்தைத் தனியாகப் பொட்டலம் கட்டித் தருவதில்லை. புதிய பதிப்பை வெளியிடுவார்கள். அதில் ஐந்து திருத்தம், மூன்று புது வசதி, ஒரு பெரிய மாற்றம் எல்லாம் கலந்திருக்கும். ஃப்ரீஸில் அந்தப் பதிப்பை அப்படியே எடுக்க முடியாது. தேவையான திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பில் ஒட்ட வேண்டும். ‘பேக்போர்ட்’ என்கிறார்கள். குழம்பிலிருந்து உப்பை மட்டும் தனியாக எடுக்கிற மாதிரி வேலை, சில நேரங்களில்.

இதனால் அலுவலகங்களில் ஒரு வேடிக்கையும் நடக்கும். பாதுகாப்பு ஸ்கேனர் சர்வரைப் பார்த்து, மென்பொருள் பழசு, ஓட்டை இருக்கிறது என்று சிவப்பில் அலறும். ஆனால் பதிப்பு எண்ணின் வாலில் ‘+டெப்13யு1’ என்று ஒரு குறிப்பு இருக்கும். டெபியன் 13-க்கான முதல் திருத்தம் ஏற்கெனவே ஒட்டப்பட்டுவிட்டது என்று அதற்குப் பொருள். எண் பழசுதான், ஓட்டை அடைபட்டிருக்கலாம். மேனேஜரிடம் விளக்கம் சொல்லி ஓய்ந்துபோன சிஸ்டம் அட்மின்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மூல ஆசிரியர்களுக்கும் இதில் கோபம் உண்டு. பிரபலமான ‘எக்ஸ்ஸ்கிரீன்சேவர்’ மென்பொருளை எழுதிய ஜேமி ஸாவின்ஸ்கி, தன் மென்பொருளின் பழைய பதிப்பை ஓட்டுபவர்களுக்குத் திரையிலேயே எச்சரிக்கை காட்டும் நிரலைச் சேர்த்திருந்தார். எப்போதோ திருத்திய பிழைகளுக்கு டெபியன் பயனர்கள் இன்னமும் புகார் அனுப்புகிறார்கள் என்பது அவருடைய ஆத்திரம். 2016-ல் இது பெரிய சண்டையானது. புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் என் மென்பொருளை உங்கள் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

சின்னத் திருத்தம், பெரிய விபத்து

“ரெண்டு வரிதானே?” என்ற வாதத்துக்கு டெபியன் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 2006 மே மாதம், ‘ஓபன்எஸ்எஸ்எல்’ பேக்கேஜில் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டது. நினைவகப் பிழைகளைத் தேடும் ‘வால்கிரைண்ட்’ என்ற கருவி தந்த எச்சரிக்கையை நிறுத்துவதுதான் நோக்கம். ஆனால் நீக்கப்பட்ட வரிகள்தான் ரகசியச் சாவிகளுக்குத் தேவையான சீரற்ற எண்களை ஊட்டிக்கொண்டிருந்தன. விளைவாக, ஒவ்வொரு வகைச் சாவியிலும் சுமார் 32 ஆயிரம் சாவிகள் மட்டுமே உருவாகும் நிலை. ஒரு சாதாரணக் கணினி எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம். இது 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் டெபியனிலும் உபுண்டுவிலும் உருவாக்கிய சாவிகளையெல்லாம் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

வெளியீட்டுக்குப் பின்னும் ஆபத்து ஓய்வதில்லை. 2023 டிசம்பர் 9-ம் தேதி டெபியன் 12.3 வெளிவரும் நாளில், அதிலிருந்த 6.1.64 கெர்னல், ‘ஈஎக்ஸ்டி4’ கோப்பு முறைமையில் டேட்டாவைச் சிதைக்கலாம் என்று தெரியவந்தது. ஒரு திருத்தத்தைப் பழைய கெர்னலுக்குக் கொண்டுவந்தபோது, அது நம்பியிருந்த இன்னொரு மாற்றம் கூட வரவில்லை. இன்ஸ்டால் இமேஜ்கள் நிறுத்தப்பட்டன. மறுநாளே புதிய கெர்னலோடு 12.4 வந்தது. பேக்போர்ட் என்றால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2022-ல் ஓபன்எஸ்எஸ்எல்லில் மிகக் கடுமையான ஓட்டை ஒன்றுக்கான திருத்தம் நவம்பர் 1-ல் வருகிறது என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. ஃபெடோரா 37 அப்போது வெளியீட்டின் வாசலில் நின்றது. குழு தேதியைத் தள்ளிப்போட்டது. நவம்பர் 15-ல்தான் வெளியானது. ஃபெடோராவில் ‘பிளாக்கர்’ என்று முத்திரை குத்தப்பட்ட பிழை தீராமல் வெளியீடு நகராது. அந்த அளவுக்குப் போகாத, ஆனால் விட மனமில்லாத திருத்தங்களுக்கு ‘ஃப்ரீஸ் விதிவிலக்கு’ என்று தனி வரிசை.

எக்ஸ்-இசட்: ஃப்ரீஸ் காப்பாற்றியதா?

இப்போது அந்த மார்ச் 28 கோரிக்கைக்கு வருவோம். அதில் சொல்லப்பட்ட காரணம் என்ன தெரியுமா? 5.6.0 பதிப்பால் வால்கிரைண்ட் எச்சரிக்கை காட்டுகிறது, 5.6.1 அதைச் சரிசெய்கிறது. 2006-ல் டெபியனைக் கவிழ்த்த அதே கருவியின் எச்சரிக்கை, 18 ஆண்டு கழித்து இன்னொரு வேடத்தில். அந்த எச்சரிக்கைக்கே காரணம் ஒளித்துவைத்த பின்கதவுதான் என்பது பிறகு தெரிந்தது.

மூன்று நாள் முன்பு, மார்ச் 25-ல், டெபியனுக்கும் வேறொரு பெயரில் இதே போன்ற கோரிக்கை வந்து, 5.6.1 அன்ஸ்டேபிள் கிளைக்குள் போயிருந்தது. ஃபெடோராவையும் ஜியா டான் வாரக்கணக்கில் துரத்திக்கொண்டிருந்தார். ஃப்ரீஸ் தேதி எல்லோருக்கும் தெரியும். கதவு மூடும் அவசரத்தையே அவர் ஆயுதமாக்கினார். அன்று தவறவிட்டால் அடுத்த நீண்டகால உபுண்டுவுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், டெபியன் அன்ஸ்டேபிளில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அரை விநாடி! வேறு யாராக இருந்தாலும் நெட் ஸ்லோ என்று விட்டிருப்பார்கள். அவர் தோண்டினார். எஸ்எஸ்ஹெச்சுக்கும் எக்ஸ்-இசட்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்றவை ‘சிஸ்டம்டி’யோடு பேசுவதற்காக எஸ்எஸ்ஹெச்சில் சேர்த்துக்கொண்ட ஒரு சிறு மாற்றம் வழியாகத்தான் எக்ஸ்-இசட்டின் லைப்ரரி உள்ளே வந்தது. மார்ச் 29-ல் விஷயம் பகிரங்கமானது. சிவிஇ-2024-3094, தீவிரம் பத்துக்குப் பத்து.

உபுண்டு தப்பித்தது எப்படி? 5.6.0 அங்கே ‘புரபோஸ்டு’ என்ற சோதனைக் கிடங்கில்தான் இருந்தது. முதன்மைத் தொகுப்புக்குள் போகவில்லை. உடனே நீக்கினார்கள். அதோடு விடவில்லை. பிப்ரவரி 26-க்குப் பிறகு கட்டப்பட்ட எல்லா பேக்கேஜ்களையும் சுத்தமான சூழலில் மறுபடி கட்டினார்கள். பீட்டா ஏப்ரல் 4-லிருந்து 11-க்குத் தள்ளிப்போனது. இறுதி வெளியீடு மட்டும் சொன்ன தேதியில், ஏப்ரல் 25-ல் நடந்தது.

ஆக, படிநிலைகளும் காத்திருப்பும் நேரம் வாங்கித் தந்தன. ஆனால் பின்கதவைக் கண்டுபிடித்தது ஃப்ரீஸ் அல்ல. டெப்டிஃப்பை வரிவரியாகப் படித்திருந்தாலும் சிக்கியிருக்குமா என்பது சந்தேகமே. விஷம் இருந்தது சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் கிடந்த பைனரி ஃபைல்களில். அதை உயிர்ப்பிக்கும் வரியோ பொதுவெளியிலிருந்த மூல நிரலிலேயே இல்லை, வெளியீட்டு டார்பாலில் மட்டும் இருந்தது. அந்த நேரத்தில் எக்ஸ்-இசட்டைப் பெரும்பாலும் தனி ஆளாகச் சுமந்துகொண்டிருந்த மூல ஆசிரியர் சோர்ந்துபோயிருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஜியா டான் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார்.

‘ஆர்ச் லினக்ஸ்’ போன்ற ‘ரோலிங்’ வகைகளில் ஃப்ரீஸே கிடையாது. திருத்தம் வேகமாக வரும். எக்ஸ்-இசட் 5.6-ம் அங்கே வேகமாகத்தான் வந்தது. அங்கே எஸ்எஸ்ஹெச் அந்த லைப்ரரியோடு இணைக்கப்படாததால் இந்தத் தாக்குதல் பலிக்கவில்லை.

கதவு மூடிய பிறகு?

வெளியீடு முடிந்ததும் ‘விட்டுப்போன’ திருத்தங்களுக்கு வேறு வழி உண்டு. உபுண்டுவில் எந்த பிழை, எப்படிச் சோதிப்பது, எங்கே உடையலாம் என்று எழுதிக்கொடுத்து, புரபோஸ்டு கிடங்கில் குறைந்தது 7 நாள் வைத்து, யாராவது சோதித்துச் சரி என்று சொன்ன பிறகே பொதுமக்களுக்குப் போகும். அப்போதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. உங்கள் நண்பரின் லேப்டாப்பில் வந்த அப்டேட் உங்களுக்கு வரவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்கலாம்.

டெபியனில் பாதுகாப்புத் திருத்தங்களுக்குத் தனிப் பாதை; அவை காத்திருப்பதில்லை. மற்றவை சேர்த்து வைக்கப்பட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை ‘பாயின்ட் ரிலீஸ்’ ஆக வரும். ட்ரிக்ஸிக்கு முதலாவது, 13.1, 2025 செப்டம்பர் 6-ல் வந்தது. சி-டாக் உருவாக்கும் ‘பாஸ்’ லினக்ஸின் அடித்தளமும் டெபியன்தான்.

உபுண்டு 25.10-ல் புது வசதிகளுக்கான கதவு 2025 ஆகஸ்ட் 14-லேயே மூடியது. வெளியீடு அக்டோபர் 9-ல் நடந்தது. அதுவரை வந்த ஒவ்வொரு “சின்ன ஃபிக்ஸ்” கோரிக்கையையும் யாரோ ஒருவர் திறந்து, மாறிய வரிகளைப் படித்துக்கொண்டிருந்திருப்பார்.