எத்தனை தேறிச்சு?

பனச்சமூட்டுப் பக்கம் கோழியை அடை வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீட்டின் பின்கட்டில், பழைய கடவத்துக்குள் மணலும் வைக்கோலும் பரப்பி முட்டை அடுக்குவார்கள். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும், பதினொன்றோ பதின்மூன்றோ. ஒரு வாரம் கழித்து, இருட்டறையில் டார்ச் வெளிச்சத்துக்கு முன்னால் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்துவிட்டது. வெளிச்சம் தடையில்லாமல் ஊடுருவினால் அது கூமுட்டை.

21 நாளில் பொரிந்துவிடும். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. கீரி உண்டு, பருந்து உண்டு, இடவப்பாதி மழை உண்டு. இரண்டு மாதம் போனபிறகு வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பாட்டி விசாரிப்பார்: “எத்தன தேறிச்சு மக்களே?” எத்தனை முட்டை வைத்தாய் என்பதை அவர் கேட்பதே இல்லை.

அண்டார்டிகாவில் பல பத்தாண்டுகளாகப் பென்குயின்களை எண்ணிவரும் விஞ்ஞானிகளின் கேள்வியும் இதேதான். ஆய்வேட்டில் அதற்கு ‘இனப்பெருக்க வெற்றி’ என்று பெயர். ஒரு சோடிக்கு, ஒரு பருவத்தில், கடலில் இறங்கும் வயதுவரை பிழைத்த குஞ்சுகள் எத்தனை? பாட்டியின் பாஷையில் சொன்னால், தேறியது எத்தனை?

வளர்ந்த பறவைகளை மட்டும் எண்ணினால் போதாதா என்று தோன்றலாம். அதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. எம்பரர் பென்குயின் சுமார் 20 ஆண்டு வாழக்கூடியது. நாலைந்து வருடம் ஒரு குஞ்சுகூடத் தேறாமல் போனாலும், பெரிய பறவைகள் வழக்கம்போல் வந்து கூடிநிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கூட்டம் குறைந்ததாகவே தெரியாது. பிள்ளைகளெல்லாம் வளைகுடாவுக்குப் போய்விட்ட ஊரில், திருவிழா அன்று கோயில் முற்றம் நிறைந்திருப்பதைப் பார்த்து ஊர் செழிப்பாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான்.

கிழக்கு அண்டார்டிகாவில், ஆஸ்திரேலியாவின் மாசன் நிலையத்தருகே பேச்செர்வெய்ஸ் என்றொரு சின்னத் தீவு. அங்கே அடேலி பென்குயின்கள் கூழாங்கல்லைப் பொறுக்கிக் குவித்துக் கூடு கட்டி, இரண்டு முட்டை இடும். 1990களின் தொடக்கத்தில், கூட்டுக்கும் கடலுக்கும் நடுவே அவை நடந்துபோகும் தடத்தில் ஒரு சின்ன எடைமேடையை வைத்தார்கள். களியக்காவிளை வழியாகப் போகும் லாரிக்காரர்களுக்கு எடைமேடை புதிதல்ல. லாரி பாரத்தோடு ஒருமுறை ஏறும், காலியாக ஒருமுறை ஏறும், வித்தியாசம்தான் சரக்கு. பென்குயினுக்கும் அதே கணக்குதான். தோலுக்கடியில் சில்லு பொருத்திய பறவை மேடையைக் கடக்கும்போது, அது எந்தப் பறவை, எந்தப் பக்கம் போகிறது, எடை என்ன என்பதெல்லாம் தானாகப் பதிவாகும். கடலிலிருந்து வரும்போது இருந்த எடையில், திரும்பிப் போகும்போது குறைந்திருப்பதில் பெரும்பகுதி குஞ்சின் வயிற்றுக்குள் போன, இறால் போன்ற கிரில்.

1994–95 பருவத்தில் அந்தத் தீவில் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. பக்கத்துக் கடலில் கிரில் கிடைக்காமல் பெற்றோர் வெகுநாள் வெளியே தங்க, கூட்டில் குஞ்சுகள் பசியில் செத்தன. அடேலி லேண்ட் கடற்கரையில், பிரெஞ்சு நிலையத்தை ஒட்டிய கூட்டத்துக்கு இதே கதி இரண்டு முறை நேர்ந்தது. 2013–14 பருவத்தில் தேறிய குஞ்சு ஒன்றுமில்லை. 2016–17 பருவத்தில் ஏறக்குறைய 18,000 சோடிகளுக்குப் பிழைத்தவை இரண்டே இரண்டு குஞ்சுகள். கடலில் பனி விலகாமல் நின்றதால் தீனிக்கு நெடுந்தூரம் போகவேண்டி வந்ததுதான் காரணம்.

எண்ணுவதிலும் ஆபத்து உண்டு. முன்பெல்லாம் அடையாளத்துக்குப் பென்குயினின் துடுப்பில் உலோக வளையம் மாட்டுவார்கள். அது தொந்தரவு செய்கிறதா என்று பார்க்க, பிரெஞ்சு ஆய்வாளர்கள் குரோசே தீவுக்கூட்டத்தில் 100 கிங் பென்குயின்களை எடுத்து, பாதிக்கு வளையம் மாட்டினார்கள். எல்லாவற்றுக்கும் தோலடியில் சில்லு. பத்து வருடம் பொறுத்திருந்தார்கள். வளையம் மாட்டியவை 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு வளர்த்தன. உயிர்பிழைப்பும் 16 சதவீதம் குறைவு. 2011இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது. பருவநிலையால் குறைந்தது என்று அதுவரை எழுதிவைத்ததில் எவ்வளவு வளையத்தால் வந்தது என்ற சங்கடமான கேள்வியும் கூடவே கிளம்பியது.

மழையில் நனைந்த கோழிக்குஞ்சு எப்படி வெடவெடத்து ஒடுங்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அர்ஜென்டினாவின் புன்ட்டா டோம்போவில் டீ போயர்ஸ்மா என்ற அம்மையார் 1982 முதல் மெகல்லன் பென்குயின்களைப் பின்தொடர்ந்து பார்த்துவந்தார். மென்துய்யோடு இருக்கும் குஞ்சுக்கு நீர் ஒட்டாத இறகு இன்னும் முளைத்திருக்காது. அந்த வயதில் பெருமழை பிடித்தால் குளிரில் விறைத்துச் சாகும். ஒரு வருடம் குஞ்சுகளில் பாதியை மழையே கொண்டுபோனது. வேறு சில வருடங்களில் ஒன்றுமே ஆகவில்லை. இரண்டு வருடம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவருக்கு இந்த ஏற்றஇறக்கம் பிடிபட்டிருக்காது. போயர்ஸ்மா வெளியிட்டது 28 வருடக் கணக்கு.

எம்பரர் பென்குயின் கூட்டங்களுக்கு ஆள் நடந்துபோவது கடினம். அதனால் விண்ணிலிருந்து பார்க்கிறார்கள். வெள்ளைப் பனியில் எச்சத்தின் பழுப்புக் கறைதான் துப்பு. 2012இல் வெளியான கணக்கில் 46 கூட்டங்கள், ஏறத்தாழ 5,95,000 பறவைகள். உலகின் இரண்டாவது பெரிய கூட்டம் ஹாலி விரிகுடாவில் இருந்தது. 2016இல் குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும் முன்பே பனித்தரை உடைந்து போனது. அடுத்த இரண்டு வருடமும் அங்கே குஞ்சு தேறவில்லை. பெரியவற்றில் பல வேறு இடம் தேடிப் போய்விட்டன.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கிழக்கு அண்டார்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளில் 2012இல் இயங்கத் தொடங்கிய இந்தியாவின் பாரதி நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அமண்டா விரிகுடாவின் எம்பரர் கூட்டம். டேராடூனின் இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வாளர்கள் அந்தக் கரையில் பென்குயின், சீல், பனிப் பெட்ரல் பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். கிரில் மீன்பிடிப்புக்கு அளவு விதிக்கும் சர்வதேச ஆணையத்திலும் இந்தியா உறுப்பினர். ஹோபார்ட்டில் அலுவலகம் வைத்திருக்கும் அந்த ஆணையம் பென்குயின் குஞ்சுக் கணக்கையும் சேகரிக்கிறது. 2024 மே மாதம் அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளின் 46ஆவது கூட்டம் கொச்சியில் கூடியது. எம்பரருக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்ற பேச்சு 2022இல் பெர்லினில் கருத்தொற்றுமை இல்லாமல் நின்றுபோனது, கொச்சியிலும் முடிவாகவில்லை.

நம்மூரிலும் பறவை எண்ணுகிறார்கள். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் தேரூர், வேம்பனூர் குளங்களிலும் அந்தப் பக்கம் வெள்ளாயணிக் காயலிலும் ஜனவரியில் பைனாகுலரோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இந்தியத் துணைக்கண்டத்தில் 1987 முதல் நடக்கிறது. அதுவும் தேவையான வேலைதான். ஆனால் அது வந்துசேர்ந்த பறவைகளின் வருகைப்பதிவு. கூட்டில் வைத்தது எத்தனை, தேறியது எத்தனை என்று அறிய, அதே மரத்தடிக்கு மறுபடி மறுபடி போய் அண்ணாந்து நிற்க வேண்டும்.

டிசம்பர் கடைசியில் பனச்சமூட்டில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும், சந்தையில் நாட்டுக்கோழி விலை ஏறும். கிழக்கு அண்டார்டிகாவின் தீவுகளில் அடேலிக் குஞ்சுகள் ஓட்டை உடைத்து வெளியே வருவதும் ஏறக்குறைய அதே வாரத்தில்தான். மூன்று வாரம் ஆனதும், அங்கன்வாடிப் பிள்ளைகள் போல அவை கும்பலாக ஒட்டி நிற்கும். ஸ்குவா பறவை தலைக்குமேல் வட்டமிடும். பிப்ரவரியில் அவை கடலுக்கு இறங்கும் முன், யாரோ ஒருவர் விறைத்த விரலோடு கூட்டத்தைச் சுற்றிவந்து, எத்தனை மிஞ்சியது என்று எண்ணி எழுதுவார்.