பாராட்டின் நாணயம்

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி வடம் 2020 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோள் தயவில் ஒரு பாட்டு இறங்கக் காத்துக் கிடந்த டெய்ரி ஃபார்ம் வாசிகள், இன்று வேலை முடிந்து வந்ததும் ஊர்க் கரகாட்டத்தையும் பட்டிமன்றத்தையும் கைப்பேசியில் பார்க்கிறார்கள். நல்லதே. பார்த்தது பிடித்திருந்தால் கிரிப்டோ நாணயம் அனுப்பி அதன் மதிப்பை உலகுக்குக் காட்டலாம் என்ற யோசனையும் அதே கைப்பேசி வழியே வருகிறது. இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

காசு கொடுத்து மெச்சுவது தமிழனுக்குப் புதிதல்ல. திருவிழா மேடையில் கலைஞர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவதும், இன்னார் அன்பளிப்பு என்று ஒலிபெருக்கியில் சொல்வதும் எல்லோரும் கண்டதே. கொடுப்பவருக்குக் கொஞ்சம் பெருமை ஆசையும் உண்டு; இருக்கட்டும். ஆனால் குத்திய நோட்டு திரும்பி வராது. வாய்ப்பேச்சைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம் என்று கூட்டம் நம்புவது அதனால்தான்.

கணிப்பொறி உலகிலும் இந்த எண்ணம் பழையது. வேண்டாத மின்னஞ்சல் குவிவதைத் தடுக்க 1997-ல் ஆடம் பேக் என்பவர் 'ஹேஷ்கேஷ்' என்ற முறையைச் சொன்னார். கடிதம் ஒவ்வொன்றுக்கும் அனுப்புகிறவரின் கணிப்பொறி சிறிது உழைத்தாக வேண்டும். ஒரு கடிதத்துக்கு அது பெரிதல்ல. லட்சக்கணக்கில் அனுப்புகிறவருக்குத்தான் சுமை. ஏறக்குறைய தபால்தலை மாதிரி. 2009-ல் தொடங்கிய பிட்காயினிலும் இந்தக் கருத்து இருக்கிறது.

பாராட்டையே நாணயத்தால் அளக்க முயன்றது 2016-ல் வந்த 'ஸ்டீமிட்'. அங்கே எழுத்துக்கு வாசகர்கள் ஓட்டுப் போடுவார்கள். புதிதாக வெளியிடப்படும் நாணயத்திலிருந்து எழுதியவருக்குப் பங்கு கிடைக்கும், ஓட்டளித்தவருக்கும் கிடைக்கும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தலைக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கு அங்கே இல்லை. எவர் அதிக நாணயத்தைப் பூட்டி வைத்திருக்கிறாரோ அவர் ஓட்டுக்கு அந்த அளவு எடை. தம் எழுத்துக்குத் தாமே ஓட்டுப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டளிக்கும் தானியங்கி நிரல்களும் முளைத்தன. போட்ட காசு லாபத்தோடு திரும்பும் என்றால் எழுத்தைப் படிப்பானேன்? படிக்காமலே பாராட்டு விழுந்தது. குமாஸ்தா ஒருவர் இரவில் உட்கார்ந்து படித்து ரசித்துப் போடும் ஓட்டு அங்கே தூசு.

2020 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தை ஜஸ்டின் சன் என்பவர் வாங்கினார். தொடர்ந்து எழுந்த அதிகாரச் சண்டையில், பொதுமக்கள் நம்பி ஒப்படைத்திருந்த நாணயங்களைக் கொண்டே சில நாணயச் சந்தைகள் அவர் பக்கம் வாக்களித்தன. உரியவர்களை யாரும் கேட்கவில்லை. உறுப்பினரில் ஒரு பகுதியினர் மார்ச்சில் பிரிந்து 'ஹைவ்' என்ற தனி அமைப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. 2022 ஏப்ரல் முதல் இத்தகைய நாணயத்தில் கிடைக்கும் லாபத்துக்கு 30 சதவீத வரி. நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலை முதல் கைமாற்றத்தின்போது 1 சதவீதப் பிடித்தமும் வந்தது. சிறு தொகைக்குப் பிடித்தத்தில் விலக்கு உண்டு என்றாலும் கணக்கு எழுதி வைக்கும் வேலை தப்பாது. பத்து ரூபாய் பாராட்டுக்கு இத்தனை பாடா?

ஊர்க் கலைஞருக்குப் பத்து ரூபாய் அனுப்ப விரும்புகிறவர் அதற்காக நாணயச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குக் கைப்பேசியிலேயே அனுப்பும் யு.பி.ஐ. 2016 முதல் இருக்கிறது. தனி மனிதருக்கு அனுப்பச் சாதாரணமாகக் கட்டணமும் இல்லை. கலைஞர்கள் தங்கள் யு.பி.ஐ. முகவரியைப் பாட்டின் கீழே போட்டு வைக்கலாம். பாராட்டுக்குக் காசு வசூலிக்கும் இணையத்தளங்களோ, காசு கொடுத்து ஏற்றிய மதிப்பு எவ்வளவு, பார்த்தவர் தாமாகத் தந்தது எவ்வளவு என்று இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டும்படி அரசாங்கம் அவர்களைக் கட்டாயப்படுத்தவும் வேண்டும்.