ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகும் நம் மாணவர்கள் ‘குவாட்ரோ’ என்ற பெயரைக் கேட்டதும் மயங்குகின்றனர். நானும் மயங்கியவனே! விளையாட்டுக்காக அதை வாங்கி, ஒரு மாத மெஸ் பணத்தை இழந்தேன்.

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 650 வந்தது 2012இல். குவாட்ரோ கே2000 வந்தது 2013இல். இரண்டிலும் ஜிகே107 என்னும் ஒரே சிப்; அதே 384 கோர்கள். வேகத்தில் முன்னது ஒரு படி மேல். புதிதில் விலையிலோ பின்னது பல மடங்கு! ஏன்? பொறியியல் வரைபட மென்பொருள்களுக்கெனச் சோதித்துச் சான்றளித்த டிரைவர் அதற்கு உண்டு. மின்சாரமும் 51 வாட்டே; மற்றதற்கு 64 வாட்டும் தனி மின்கம்பியும் வேண்டும்.

வரைபவர் குவாட்ரோவை வாங்கட்டும். விளையாடுபவருக்கு அதனால் பயன் என்ன? வீட்டார் வயிற்றைக் கட்டி அனுப்பும் பணம் இது. கார்டின் பெயரைக் கேளாதீர். உங்கள் வேலை எது என்று உங்களையே கேளுங்கள்!