வாயிற்காவலர் யாருடைய ஆள்?

பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றிற்குச் செல்பவர், வண்டி நிறுத்துமிடத்தில் தொடங்கி நுழைவுச்சீட்டு, சிற்றுண்டி, பொம்மைக்கடை, கழிப்பறை என ஒரே நாளில் பலருடைய பணியைப் பெறுகிறார். அவர்கள் அனைவரும் பூங்காவின் ஆட்கள் என்றே அவர் எண்ணுகிறார். உண்மையில் உணவகத்தை ஒரு நிறுவனமும், காவலை மற்றொன்றும், துப்புரவைப் பிறிதொன்றும் ஒப்பந்தம் எடுத்து நடத்தக்கூடும். இது தவறா? தவறென்று ஒரே சொல்லில் கூறிவிட இயலாது. ஆயினும் எப்பணியைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கலாகாது என்று பிரித்தறியாத பூங்கா, தன் நற்பெயரையே வாடகைக்கு விடுகிறது என்பது என் கருத்து.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் அனகைம் நகரில் 1955 ஜூலை 17 அன்று தொடங்கப்பட்ட டிஸ்னிலாந்து இதற்குத் தக்க சான்று. அதனை அமைக்க ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவாயிற்று. வால்ட் டிஸ்னியிடம் அவ்வளவு பணம் இல்லை. ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் முதலீடு செய்து பங்குதாரர் ஆயிற்று. பூங்காவின் முதன்மைத் தெருவில் கோடாக் ஒளிப்படக்கருவிக் கடை, கார்னேஷன் பனிக்கூழ் நிலையம், பேங்க் ஆஃப் அமெரிக்காவின் கிளை எனப் பிற நிறுவனங்கள் இடம்பிடித்தன. அவை தந்த வாடகை இல்லையேல் பூங்கா அந்நாளில் திறக்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே. இங்கு வெளியாரை அழைத்தது பேராசை அன்று, தேவை.

ஆனால் அத்தேவைக்கும் ஒரு விலை இருந்தது. குழாய்ப் பணியாளரின் வேலைநிறுத்தத்தால், குடிநீர்க் குழாய்களா கழிப்பறைகளா, எவற்றை முதலில் முடிப்பது என்ற நெருக்கடி எழுந்தது. டிஸ்னி கழிப்பறைகளைத் தேர்ந்தார். திறப்பு நாளின் கடும் வெயிலில் நீரின்றித் தவித்தவர்களோ, பெப்சி பானத்தை விற்பதற்காகவே நீர் தரவில்லை என்று குறைகூறினர். பெப்சி அப்பூங்காவின் ஆதரவு நிறுவனங்களுள் ஒன்று. காரணம் வேறாக இருந்தும், பிறருடைய விளம்பரப் பலகைகள் நிறைந்த இடத்தில் ஐயம் எளிதில் முளைத்துவிட்டது.

வண்டி நிறுத்தத்தையும் காவலையும் டிஸ்னி தொடக்கத்தில் வெளியாரிடமே விட்டிருந்தார். வருவோரை ‘வாடிக்கையாளர்’ என்னாது ‘விருந்தினர்’ என்றே அழைக்கவேண்டும் என்பது அவருடைய நெறி. (தொல்காப்பியத்தில் ‘விருந்து’ என்னும் சொல் புதுமையைக் குறிக்கும். நாள்தோறும் புதியவர்களே வந்து நிறையும் ஓரிடத்திற்கு இதனினும் பொருத்தமான சொல் வேறில்லை.) கூலிக்கு அமர்த்தப்பட்ட காவலர்களுக்கோ வேறிடங்களில் பழகிய மிடுக்கும் ஐயப்பார்வையுமே தெரிந்திருந்தன. டிஸ்னி விரைவிலேயே அப்பணிகளைத் தம் நிறுவனத்திற்கு மீட்டுக்கொண்டார். வான் ஃபிரான்ஸ் என்பவரின் பொறுப்பில் நடந்த பயிற்சியைப் பெற்ற சொந்தப் பணியாளர்களை அங்கு நிறுத்தினார்.

மாணவர்கள் இங்குச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். வருவாய் ஈட்டும் கடைகளைப் பிறரிடம் விட்டுவைத்தவர், வருவாய் பெரிதும் இல்லாத வாயிற்காவலை ஏன் மீட்டார்? கோடாக் கடையில் வாங்கிய படச்சுருள் பழுதானால் பழி கோடாக்கைச் சேரும். வாயிற்காவலருக்கோ பூங்காவின் பெயரன்றி வேறு பெயர் இல்லை. அவர் கடிந்துரைத்தால் கடிந்தது டிஸ்னிலாந்தே.

வெளியார் என்றாலே குறை என்பதும் பொருந்தாது. ஃபுளோரிடாவில் 1982இல் திறக்கப்பட்ட எப்காட் பூங்காவின் ஜப்பானியப் பகுதியில் கடை நடத்துவது மிட்சுகோஷி நிறுவனம். 1673இல் கிமோனோத் துணிக்கடையாகத் தொடங்கிய அந்நிறுவனத்தைவிட ஜப்பானியப் பொருள்களை அறிந்து விற்க அமெரிக்கர் எவரால் இயலும்? 1983இல் தொடங்கிய டோக்கியோ டிஸ்னிலாந்தோ முழுவதுமே ஓரியண்டல் லேண்ட் என்னும் ஜப்பானிய நிறுவனத்துக்கு உரியது. டிஸ்னி பெறுவது உரிமத்தொகையே. தன் முதலீட்டை அங்கேயே புதைத்த அந்நிறுவனத்திற்கு, இன்று வந்த குழந்தை பத்தாண்டுகள் கழித்தும் வரவேண்டும் என்ற அக்கறை இயல்பாகவே உண்டு.

ஓராண்டு ஒப்பந்தத்தில் மிகக் குறைந்த தொகை கேட்டுத் துப்புரவுப் பணியைப் பெறும் ஒப்பந்தக்காரருக்கு அவ்வக்கறை எங்கிருந்து வரும்? துப்புரவிலும் காவலிலும் பெருஞ்செலவு கூலியே. ஆகவே அவர் குறைத்துக் கேட்ட தொகை, பெரும்பாலும் கூலியிலிருந்தே குறைக்கப்படும். ஒரே நிறச் சீருடையில் அருகருகே நிற்கும் இருவரில், ஒருவருக்கு மட்டும் மருத்துவ விடுப்பும் பணிநிலைப்பும் இருக்கும். ஒப்பந்தம் கைமாறும்போது, வழிதவறிய குழந்தைகள் வழக்கமாக எங்குச் சென்று நிற்பர் என்பதை அறிந்த பணியாளரும் வெளியேற நேரும். இந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

எனவே கடைகளை வெளியாரிடம் விடுக. காவலையும் துப்புரவையும் விடாதிருக்க. விட்டே ஆகவேண்டுமெனில், சொந்தப் பணியாளருக்கு இணையான ஊதியமும் பயிற்சியும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படட்டும். முறையீட்டைக் கேட்கும் இடத்திலேனும் பூங்காவின் பணியாளரே அமரவேண்டும். கெட்டுப்போன உணவைக் கையில் ஏந்தி வருபவரிடம் “அது எங்கள் கடை அன்று” என்று கூற அவருக்கு உரிமை இருத்தலாகாது.