பாலத்தில் ஆஃப் ஆகாத கார்

அண்ணன் மகன் அடுத்த மாதம் எல்.எல்.ஆர். போடப்போகிறான். "டிரைவிங் ஸ்கூல் எதுக்கு? நானே எழுதின கேம்ல பழகிட்டேன்" என்கிறான். கேமில் வருவதெல்லாம் எங்கள் ஏரியாதான். தல்லாகுளத்தில் ஏறி, நத்தம் ரோட்டுக்கு மேலேயே செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டர் போகிறதே, அந்தப் பறக்கும் பாலம்கூட இருக்கிறது.

பாலத்தின் ஏற்றத்தில் காரை நிறுத்தினேன். மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சைப் படக்கென்று விட்டேன். சமர்த்தாகக் கிளம்பியது! நிஜத்தில் ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகியிருக்கும். பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர் நம் பரம்பரையையே விசாரித்திருப்பார்.

"இன்ஜினுக்கு என்னடா கணக்கு?"

"90 குதிரைத்திறன், சித்தப்பா."

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண் அது. 2021 ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஏறக்குறைய 90தான். ஆனால், அது வருவது நிமிடத்துக்கு 6000 சுற்றில். சிக்னலில் நாம் கிளம்புவது ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறில். அங்கே வேண்டியது டார்க், அதாவது முறுக்குவிசை. அதே இன்ஜினின் உச்ச டார்க் 4400 சுற்றில் 113 நியூட்டன் மீட்டர். அதற்குக் கீழேயும் குறைவு, மேலே போனாலும் குறைவு. இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் கேமுக்குச் சொல்லித்தர வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்குமே, அதையும்தான்.

இன்னொரு தப்பு இதைவிடப் பெரியது. சக்கரத்தின் வேகத்தைக் கியரால் பெருக்கி, அதையே இன்ஜின் வேகம் என்று வைத்திருந்தான். வண்டி நிற்கும்போது மட்டும் 800 என்று ஒட்டுப்போட்டிருந்தான். அப்புறம் இன்ஜின் எப்படி ஆஃப் ஆகும்? இன்ஜினும் ஃப்ளைவீலும் ஒரு வேகத்தில், கியர்பாக்ஸும் சக்கரமும் இன்னொரு வேகத்தில் சுற்ற வேண்டும். கிளட்ச் நடுவில் உரசி இரண்டையும் சேர்த்துவைக்கும். 1000 கிலோ கார், 100 மீட்டருக்கு 4 மீட்டர் உயரும் சரிவில் நின்றால், 40 கிலோ மூட்டை பின்னால் தொங்கி இழுப்பதற்குச் சமம். இன்ஜின் அதையும் சமாளிக்க வேண்டும்.

இது போதாதென்று, நாலு சக்கரத்துக்கும் பவர் போகும் ஜீப் ஒன்றும் செய்திருந்தான். அது திரும்பவே மாட்டேன் என்றது. நாலையும் ஒரே வேகத்தில் கட்டிவைத்தால் எப்படித் திரும்பும்?

மாசி வீதி முனையில் சித்திரைத் தேர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள்பக்கச் சக்கரத்துக்குக் கொஞ்ச தூரம், வெளிப்பக்கத்துக்கு அதிக தூரம். முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்புகிறார்கள். மாட்டுவண்டிக்கு அந்தக் கவலை இல்லை, சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகச் சுற்றும். காரில் அந்த வேலையை டிஃபரன்ஷியல் பார்க்கிறது. நாலு சக்கர டிரைவில் முன்னுக்கும் பின்னுக்கும்கூட வித்தியாசம் உண்டு: பின் அச்சு 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் அச்சு ஐந்தரை மீட்டர் ஆரத்தில் போகும். 1980-இல் வந்த ஆடி குவாட்ரோவில் இதற்காகவே நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் வைத்தார்கள். மஹிந்திரா தாரில் அது கிடையாது. அதனால்தான் காய்ந்த ரோட்டில் இரண்டு சக்கர டிரைவுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

"அப்ப டிஃபரன்ஷியல் போட்டா சரியாயிடுமா?"

ரோட்டில் சரியாகும். வைகை மணலில் இறக்கினால் வேறு வம்பு. சாதா டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு விசைதான் கொடுக்கும். ஒரு சக்கரம் பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றினால், மறுபக்கச் சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசைதான். அதற்கு லாக் வேண்டும். தலையில் கை வைத்துக்கொண்டான்.

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. பாலத்து ஏற்றம், வெள்ளைக் கார், ஒரு குலுக்கல், அப்புறம் சத்தமே இல்லை. மெல்லப் பின்னால் உருள்கிறது. கீழே எழுதியிருந்தான்: "ஆஃப் ஆயிருச்சு சித்தப்பா!"