எந்தத் தோட்டா உசத்தி?

பெசன்ட் நகரில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வழக்கு. "நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று காபியை நீட்டினார் அந்த வீட்டு அம்மாள்.

வாதி, எண்பத்திரண்டு வயதுத் தாத்தா. வாலிபத்தில் முயல் வேட்டை ஆடியவர். பிரதிவாதி, கல்லூரிப் பேத்தி; என்.ஸி.ஸி.யில் ரைபிள் சுடக் கற்கிறாள்.

"வேகமாகப் போகிற தோட்டாதான் உசத்தி, அசடே!"

"இல்லை தாத்தா, மெதுவாகப் போவதுதான் குறி தவறாது."

இருவரும் சொல்வது ஒரே தோட்டாவைத்தான். 1887-ல் அமெரிக்காவில் பிறந்த 'பாயிண்ட் டூ டூ லாங் ரைபிள்'. குறுக்களவு 5.6 மில்லிமீட்டர். ஈயக் குண்டின் எடை 2.6 கிராம், ஒரு சவரனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! இதில் இரண்டு ரகம் உண்டு.

வேக ரகம் ஒலியையும் மிஞ்சிக் கிளம்பும். வழியில் வேகம் தணிந்து ஒலியின் வேகத்துக்கு இறங்கும்போது குண்டு தடுமாறும். குறுக்கே காற்றடித்தால் அதிகம் விலகுவதும் இதுதான். நிதான ரகம் வினாடிக்கு சுமார் 330 மீட்டரில் கிளம்பும். ஒலியைத் தாண்டாததால் அந்தத் தடுமாற்றம் கிடையாது. போட்டியில் 50 மீட்டருக்கு அப்பால் இருக்கும் பத்து மார்க் வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். சட்டைப் பித்தான் அளவு! 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தத் தூரத்தில்தான்.

இன்னொன்று. புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணியை வைத்துப் பார்த்து எடுக்கிறோமே, அதுபோல நாலைந்து பெட்டிகளைச் சுட்டுப் பார்த்து, தன் ரைபிளுக்கு ஒத்துப்போவதையே வாங்குவார்கள் போட்டிக்காரர்கள்.

அப்படியானால் தாத்தா சொன்னது தப்பா? இல்லை. முயலுக்கு அடியின் பலம் வேண்டும். வேக ரகம் அதைக் கொடுத்தது. ஆனால் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வேலை முடிந்துபோயிற்று. ஒரு காலத்தில் வேட்டைக் காடாக இருந்த கிண்டியே 1978 முதல் தேசியப் பூங்கா அல்லவா?

தீர்ப்பைக் கேட்ட தாத்தா உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். திறந்தால், பழைய தோட்டாக்கள்! "பேத்திக்கென்று வைத்திருந்தேன்" என்றார் மெல்ல. துப்பாக்கியைக் கொடுத்து எத்தனையோ வருஷமாகிறது, லைசென்ஸும் இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். சின்னதுதானே என்று எண்ண வேண்டாம்; அந்தக் குண்டு ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் பாயும்.

மறுநாளே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்கள். ரசீதைப் பேத்திதான் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா காலத்து டப்பா ஏதாவது இருக்கிறதா? இன்றைக்கே ஏறிப் பாருங்கள், அம்மா!